மதுரை வெயிலில் ஒரு சிறிய பவளத் தொட்டி: மூன்று அமைப்புகளின் ஒப்பீடு

கடல்நீர்த் தொட்டி வைப்பதென்று முடிவுசெய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் தொட்டியை வாங்கலாம் என்பதைத்தான். மதுரையில் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. தொட்டி நிற்கப்போகும் அறையில், மே மாதத்து இரவு எட்டு மணிக்கு, மேல்தளக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், வெப்பமானி எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதை அறிந்துகொண்டால், மற்ற முடிவுகளில் பாதி தாமாகவே அமைந்துவிடும்.

இங்கே ஒப்பிடப்படுபவை 50 முதல் 80 லிட்டர் வரை கொள்ளும் சிறிய தொட்டிகள். முதலாவது, பின்சுவரை ஒட்டிய வடிகட்டும் அறைகள், பம்பு, விளக்கு எல்லாம் சேர்ந்தே வரும் ஆயத்த ஆல்-இன்-ஒன் தொட்டி. இரண்டாவது, அதே பின்னறை அமைப்பை உள்ளூரில் கண்ணாடித் தொட்டி செய்பவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்வது. மூன்றாவது, மேலே காட்சித் தொட்டியும் கீழே அலமாரிக்குள் சம்ப் எனப்படும் இரண்டாம் தொட்டியும் வைத்து, இரண்டையும் குழாய்களால் இணைப்பது. நன்னீர்த் தொட்டிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் கேனிஸ்டர் வடிகட்டியை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அதற்கான காரணம் மின்தடையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விளங்கும்.

எதை வளர்க்கப் போகிறோம்?

தொட்டிக்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் நம் நாட்டில் அது தொட்டியின் செலவையும் கருவிகளையும் நேரடியாகத் தீர்மானிக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவையே. நமக்கு மிக அருகிலுள்ள பவளப் பகுதியான மன்னார் வளைகுடாவில், மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கிருந்து நுண்ணுயிர்கள் குடியேறிய ‘உயிருள்ள பாறை’யையோ பவளத்துண்டையோ எடுத்துவருவது குற்றம். இராமேசுவரத்துக் கரையோரத்தில் யாரேனும் பையில் வைத்து நீட்டினாலும் வாங்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு சிறிய தொட்டிக்காரருக்கு ஒரு வகையில் நன்மையாகவே முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடினப் பவளங்கள் தம் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கு நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் நாள்தோறும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் அந்த உப்புக்களை அளந்து ஊற்றும் கருவிகளையும், வலிமையான விளக்குகளையும், ஓயாத நீர்ச்சோதனையையும் ஏற்றாக வேண்டும். காளான் பவளம், பொத்தான் போன்ற சோயாந்திட் வகைகள், தோல் பவளம், பச்சை நட்சத்திரப் பாலிப் ஆகியவை கடினப் பவளங்களின் அந்தப் பட்டியலில் வருபவை அல்ல. அவற்றின் தேவையும் குறைவு. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே அவற்றுக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. ஆல்-இன்-ஒன் தொட்டிகளைப் பற்றி வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்கள் சொல்லும் முதல் குறை, பின்னறையில் கருவிகள் வைக்க இடமில்லை என்பது. நாம் வைக்கப்போகாத கருவிகளுக்கு இடம் இல்லாமலிருப்பது நமக்குக் குறையாகாது.

சோயாந்திட் வகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவற்றில் சில பாலிடாக்சின் என்னும் கடுமையான நச்சைக் கொண்டவை. வெறுங்கையால் நறுக்கக் கூடாது. அவை ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்வதாக நினைத்து வெந்நீரில் கொதிக்கவைக்கவே கூடாது, ஏனெனில் அந்த ஆவியை முகர்ந்தவர்கள் மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார்கள்.

மீன்களில், இந்த அளவுத் தொட்டிக்கு ஓர் இணை கோமாளி மீனும் ஒரு சிறு கோபி மீனும் போதும். கோமாளி மீனைக் கடலில் பிடித்ததாக வாங்காமல், பண்ணையில் பொரித்ததாகவே கேட்டு வாங்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. 1971 வரை அந்த நிலையத்தின் தலைமையகமே நம் மண்டபத்தில்தான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் இயங்குகிறது. பண்ணை மீன் உலர் தீவனத்தைத் தயங்காமல் உண்ணும் என்பது கூடுதல் பயன்.

மூன்று அமைப்புகளும் எங்கே வேறுபடுகின்றன?

பின்னறைத் தொட்டியில் நீர் செல்லும் வழி எளிமையானது. மேற்பரப்பு நீர் சீப்புப்பல் போன்ற தடுப்பின் வழியாக முதல் அறைக்குள் விழுந்து, பஞ்சையும் நுண்துளைக் கற்களையும் கடந்து, கடைசி அறையிலுள்ள பம்பினால் மீண்டும் முன்னே தள்ளப்படுகிறது. பம்பு நீரை உயரே தூக்க வேண்டியதில்லை என்பதால் 8 அல்லது 10 வாட் பம்பே போதுமானது. சம்ப் அமைப்பிலோ அலமாரியின் அடியிலிருந்து நான்கு அடி உயரத்துக்கு நீரை ஏற்ற வேண்டியிருப்பதால், அதே ஓட்டத்துக்கு மூன்று மடங்கு வாட் தேவைப்படும். நீருக்குள் மூழ்கிய பம்பு இழுக்கும் மின்சாரம் கடைசியில் பெரும்பாலும் வெப்பமாகித் தொட்டி நீரிலேயே சேருகிறது என்பதால், குளிர் ஊரில் யாரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாடு இங்கே கணக்கில் வருகிறது.

சம்ப்புக்கு உரிய நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. கூடுதலாக முப்பது, நாற்பது லிட்டர் நீர் கிடைப்பதால் வெப்பமும் உப்பும் மெதுவாகவே மாறுகின்றன, ஒரு மீன் இறந்து கிடந்தாலும் நீர் உடனே கெடுவதில்லை, கருவிகள் எல்லாம் கண்ணுக்கு மறைவாக இருக்கின்றன. ஆனால் கண்ணாடியில் துளையிடுதல், குழாய்ப் பொருத்துதல், மின்சாரம் நின்றதும் மேலிருந்து வழியும் நீருக்குச் சம்ப்பில் இடம் விட்டுவைத்தல் என்று பிழை நேரக்கூடிய இடங்கள் அதிகம். மின்சாரம் நின்றால் பின்னறைத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு நீரும் தரைக்கு வராது. சம்ப்பில் கணக்குத் தவறினால் வீடு முழுவதும் உப்புநீர். 150 லிட்டருக்கு மேல் போகிறவர்களுக்குச் சம்ப்தான் சரியான வழி என்றாலும், இந்த அளவுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆகவே உண்மையான போட்டி ஆயத்தத் தொட்டிக்கும் உள்ளூரில் செய்யப்படும் தொட்டிக்கும் இடையில்தான். ஆயத்தத் தொட்டியில் கண்ணாடியின் விளிம்பு நேர்த்தியாக இருக்கும், அறைகளின் தடுப்பு உயரங்கள் சோதித்து வைக்கப்பட்டவை, விளக்கின் அளவு தொட்டிக்குப் பொருந்தும். எதிரில் வைக்க வேண்டியவை: வண்டியில் வரும்போது உடையும் அபாயம், பம்பின் சிறு உதிரிப் பாகம் ஒன்று பழுதானாலும் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை, எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊருக்கு ஒவ்வாத ஒரு சிறிய அளவீடு. அந்த அளவீட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் முதல் தொட்டி அதனால்தான் கெட்டது.

பின்னறைத் தொட்டியில் நீர் ஆவியாகும்போது முன்பகுதியின் மட்டம் மாறுவதில்லை. தடுப்பின் உயரத்தில் அது நின்றுவிடுகிறது. குறைவு முழுவதும் பம்பு இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை 15 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு 135 சதுர சென்டிமீட்டர். கோடையில் விசிறி ஓடும் தொட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் நீர் போவது இங்கே சாதாரணம். ஒன்றரை லிட்டர் போனால் அந்த அறையில் மட்டம் 11 சென்டிமீட்டர் இறங்கும். இரண்டாம் நாள் பம்பு காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த உறவினர்களோடு நாங்கள் இரண்டு இரவுகள் சின்னம்மா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, மூடியிட்ட என் ஆயத்தத் தொட்டியில் பம்பு வறண்டு உறுமிக்கொண்டிருந்தது, நீர் 33 டிகிரியைத் தொட்டிருந்தது, காளான் பவளங்கள் நாணய அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. மீன்கள் பிழைத்தன; பவளங்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

உள்ளூரில் செய்துகொள்வதன் முதன்மையான நன்மை இந்த அறையை நம் விருப்பப்படி பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதே. 60 சென்டிமீட்டர் நீளம், 38 அகலம், 38 உயரம் கொண்ட தொட்டியில் பின்னறைக்கு 9 சென்டிமீட்டர் ஒதுக்கி, பம்பு அறையை மட்டும் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வைத்தால், அதே ஒன்றரை லிட்டருக்கு மட்டம் 7 சென்டிமீட்டருக்குள்தான் இறங்கும். கல்லும் மணலும் போக இந்தத் தொட்டியில் ஏறத்தாழ 60 லிட்டர் நீர் நிற்கும். நம் ஊர்த் தொட்டிக்காரர்கள் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டி செய்து பழகியவர்கள் என்பதால், தடுப்புகளின் உயரத்தைத் தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். கண்ணாடி 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஒட்டுப்பசை முழுவதும் காய ஒரு வாரம் விட்டு, வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே இரண்டு நாள் நீர் நிரப்பி நிறுத்தச் சொல்ல வேண்டும். நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து நூறு கிலோவை நெருங்கும் இந்தப் பாரத்தை டிவி வைத்த பழைய மரப்பலகையின் மேல் ஏற்றக் கூடாது. மேடையின் மட்டத்தைக் கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியை வைக்க வேண்டும்.

எந்தத் தொட்டியானாலும், குறையும் நீரைத் தானாக நிரப்பும் ஏற்பாட்டை ஆடம்பரமாகக் கருதக் கூடாது. ஆவியாவது நன்னீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது; 60 லிட்டரில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு, மூன்று நாள் நீர் ஊற்றாமல் விட்டால் 38 கிராமை நெருங்கும். பம்பும் மட்டமறியும் சென்சாரும் கொண்ட கருவி நல்லது. ஏர் கூலரில் உள்ளதுபோன்ற மிதவை வால்வை மேலே வைத்த கேனோடு இணைப்பதும் வேலை செய்யும். எதுவானாலும் கேன் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். வால்வு சிக்கிக்கொண்டு முழுக் கேனும் கொட்டினாலும் உப்பு 32 கிராமுக்குக் கீழே இறங்காது, உயிர்கள் தாங்கிக்கொள்ளும். 20 லிட்டர் கேன் கொட்டினால் தாங்காது.

வெப்பம்

இதுதான் மதுரையின் கேள்வி. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்குப் பெரும்பகுதி உணவைச் செய்து தருகின்றன. நீர் நெடுநேரம் சூடாக இருந்தால் பவளம் அவற்றை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. 1998லும் 2016லும் மன்னார் வளைகுடாவிலேயே இது பெரிய அளவில் நிகழ்ந்தது. திறந்த கடலில் நடப்பது அறுபது லிட்டர் நீரில் நடக்கத் தடையேது? 24 முதல் 27 டிகிரி வரை வைத்திருப்பதே குறிக்கோள். 29 வரை மென்மையான வகைகள் பொறுத்துக்கொள்ளும். 30க்கு மேல் நாட்கணக்கில் போகவிடக் கூடாது.

இதற்கு இங்கே நான்கு வழிகள் உண்டு: நீர்ப்பரப்பின் மேல் ஊதும் சிறு விசிறி, கம்ப்ரசரால் நீரைக் குளிர்விக்கும் சில்லர், கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் பெல்டியர் வகைச் சிறு குளிரூட்டி, ஏசி அறை.

விசிறியைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை ஒரு நாளுக்குப் பரப்பிப் பார்த்தால் இடைவிடாத 28 வாட். நம் தொட்டியில் 10 வாட் பம்பு, தொட்டிக்குள் நீரை அலைபோல் அசைக்கும் 5 வாட் வேவ்மேக்கர், நாளுக்கு எட்டு மணி நேரம் எரியும் 35 வாட் விளக்கு ஆகிய மூன்றும் சராசரியாகத் தரும் வெப்பம் 27 வாட் அளவே. அதாவது நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானாலே கருவிகளின் சூடு முழுவதும் வெளியேறிவிடுகிறது. அதற்கு மேல் ஆவியாகும் நீர், அறையின் சூட்டோடு போராடுகிறது. காற்று வறண்டிருந்தால்தான் இது நடக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றின் ஈரப்பதத்தில் விசிறி திணறும் அதே மே மாதத்தில், மதுரையின் காய்ந்த வெயில் அதற்குத் துணைநிற்கிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் கூடி விசிறியின் பயன் மங்கினாலும், அப்போது அறையே குளிர்ந்துவிடுவதால் பெரிய பாதிப்பு இல்லை.

விசிறியால் அறை வெப்பத்திலிருந்து மூன்று, நான்கு டிகிரி குறைக்கலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில், வடக்குப் பார்த்த, கோடையிலும் 31 டிகிரியைத் தாண்டாத அறையென்றால் 27 அல்லது 28 கிடைக்கும், அது போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே 34 டிகிரியில் கொதிக்கும் அறையென்றால் 30 அல்லது 31தான், அது போதாது. முதலில் வெப்பமானியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். விசிறிக்கு 27 டிகிரியில் இயங்கி 26இல் நிற்கும் சிறு கட்டுப்படுத்தி வைத்தால், மார்கழி இரவில் அது நீரைத் தேவையில்லாமல் குளிர்விப்பதும் நிற்கும்.

விசிறி பயன்பட வேண்டுமானால் தொட்டியின் மேற்பகுதி திறந்திருக்க வேண்டும். கண்ணாடி மூடியும், விளக்கைத் தாங்கும் கூரைபோன்ற மூடியும் வரும் ஆயத்தத் தொட்டிகள் இந்த இடத்தில் தோற்றுவிடுகின்றன. விளிம்பில்லாத திறந்த வகையாக இருந்தால் மட்டுமே ஆயத்தத் தொட்டியைப் பரிசீலிக்கலாம். கோபி போன்ற மீன்கள் எகிறிக் குதிக்கும் என்பதால், சன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் அலுமினியச் சட்டத்தில் ஒரு வலை மூடி செய்துகொள்ளலாம். கொசு என்றதும் இன்னொன்று: கொசுவிரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தாமல் வலையை நம்பியிருப்பதே பாதுகாப்பு.

சில்லர் எந்த அறையிலும் சொன்ன வெப்பத்தைக் கொண்டுவந்துவிடும், அதில் ஐயமில்லை. ஆனால் இந்த அளவுத் தொட்டிக்கு அதன் விலை தொட்டியின் விலையையே மிஞ்சும். நீரிலிருந்து எடுத்த சூட்டை அது அறைக்குள்ளேயே கக்குவதால், காற்றோட்டமில்லாத சிறு அறையில் தன் வேலையைத் தானே கூட்டிக்கொள்ளும். இரண்டு குழாய்களையும் ஒரு கூடுதல் பம்பையும் குறுகிய பின்னறைக்குள் திணிக்க வேண்டியிருக்கும். 120 வாட் இழுக்கும் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 5 வாட் விசிறி இடைவிடாமல் ஓடினாலும் 7 யூனிட்தான். வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் குடும்பங்கள், அந்த வரம்பைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெல்டியர் வகையில் இந்த அளவு நீருக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதைவிட விசிறியே மேல்.

ஏசி அறை முதல் பார்வைக்கு நல்ல வழியாகத் தோன்றும். நம் வீடுகளில் ஏசி ஓடுவது இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரைதான். இரவில் 25, மாலையில் 31 என்று நாள்தோறும் ஆடும் நீரில் பவளம் இருப்பதைவிட, ஒரே சீராக 28இல் இருப்பது மேலானது. பகலிலும் யாரேனும் இருந்து ஏசி ஓடும் அறையானால் தவிர, படுக்கையறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரம் நிற்கும் நாட்களில்

பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு நம் பகுதிக்கும் அவ்வப்போது வந்துவிடுகிறது. அந்த ஏழெட்டு மணி நேரத்தில் சிறிய தொட்டிக்கு முதலில் குறைவது உயிர்வளி. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்துவைக்கும், 30 டிகிரியில் 6.2தான், நீர் அசையாமல் நின்றால் மீன்கள் அதை வேகமாகத் தீர்த்துவிடும். கேனிஸ்டர் வடிகட்டியை விலக்கியதற்கும் இதுவே காரணம்: மூடிய பெட்டிக்குள் தேங்கும் நீரில் நுண்ணுயிர்கள் மூச்சடைத்து மடிந்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்குள் பாயும். பின்னறையின் மேற்பகுதி திறந்திருப்பதால் அங்கே இந்த அபாயம் குறைவு.

பம்பு, வேவ்மேக்கர், விசிறி மூன்றும் சேர்ந்து 20 வாட். எட்டு மணி நேரத்துக்கு 160 வாட்-மணி. 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சாதாரண வீட்டு இன்வர்ட்டர், மின்விசிறிகளோடு இதையும் எளிதாகச் சுமக்கும். அதே நேரத்துக்குச் சில்லர் இடைவிடாது ஓடினால் 960 வாட்-மணி கேட்கும். சில்லரை நம்பி அமைத்த தொட்டி, மின்சாரம் நிற்கும் கோடைப் பகலில், அதாவது அது மிகவும் தேவைப்படும் நேரத்தில், துணையற்று நிற்கிறது. இன்வர்ட்டர் இல்லாத வீட்டில் பவர் பேங்கில் ஓடும் ஒரு சிறு காற்றுப் பம்பாவது இருக்க வேண்டும்.

நீர்: கடலிலிருந்தா, பையிலிருந்தா?

மண்டபம் மதுரையிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவுதான். அதனால் கடல்நீரையே கேனில் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சிலர் அப்படிச் செய்து வெற்றியும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கியிருக்கும், வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கியிருக்கும். மழைக்குப் பிறகு உப்பின் அளவும் இறங்கிவிடும். துறைமுகத்தையும் படகுகள் நிற்கும் இடத்தையும் ஒட்டி எடுத்த நீரில் டீசல் கலந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அளந்து, வடிகட்டி, இருட்டில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். வாரத்துக்கு வேண்டிய 6 லிட்டருக்காக இத்தனை பாடு தேவையில்லை. லிட்டருக்கு 36 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பு கலந்தால் வாரத்துக்கு 216 கிராம், ஆண்டுக்கு 11 கிலோ சொச்சம். இராமேசுவரம் போய்வரும் எரிபொருளை எண்ணினால் இது சிக்கனமும்கூட. சமையல் உப்பு இதற்கு மாற்றல்ல என்பதைச் சொல்லவே வேண்டாம்.

உப்பைக் கலக்கும் நன்னீர்தான் மதுரையில் சிக்கல். ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புக்களின் அளவு, பல தெருக்களில் ஆயிரத்தைத் தாண்டுகிறது; வீட்டு ஆர்ஓ கருவி அதை ஐம்பது, நூறுக்குக் கொண்டுவந்தாலும், சுவைக்காக மீண்டும் தாது சேர்க்கும் பகுதியும் அதில் இருக்கும். அந்தப் பகுதிக்கு முன்பே நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய உப்புக்களைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் நிரப்பிய குழாய் வழியாகச் செலுத்தி, மீட்டரில் சுழியம் காட்டும்போதே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லெல்லாம் பழுப்புப் பாசி படியும். கேன் தண்ணீர் அவசரத்துக்கு ஆகும், வழக்கத்துக்கு ஆகாது. செம்புப் பானையில் பிடித்துவைத்த நீர் மட்டும் எந்த நிலையிலும் கூடாது; நம் உடலுக்கு நல்லதென்று வைக்கும் அந்தச் செம்பு, இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், 35 கிராம் அளவுள்ள திரவத்தைக் கொண்டு அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு, கடல் தொட்டிக்கென விற்கும் நுண்துளையுள்ள உலர் கல் ஐந்தாறு கிலோ போதும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் அழகாக இருந்தாலும் துளையில்லாததால் நுண்ணுயிர்கள் குடியேற இடம் தராது. உலர் கல்லில் உயிர் பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியத்துக்கு வரும் வரை மீன் விடக் கூடாது.

யாருக்கு எது?

கீழ்த்தள வீடு, இன்வர்ட்டர், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கும் மனம் ஆகியவை இருப்பவர்கள், பெரிய பம்பு அறையோடு உள்ளூரில் செய்த பின்னறைத் தொட்டியையும் விசிறியையும் எடுத்துக்கொள்ளட்டும். என் இப்போதைய தொட்டி இதுதான், நான்காவது கோடையைக் கடந்துவிட்டது. அளவு வரைந்து கொடுத்து வேலை வாங்க நேரமில்லாதவர்கள் திறந்த மேற்பகுதியுள்ள ஆயத்தத் தொட்டியை வாங்கலாம், நீர் நிரப்பும் கருவியையும் அன்றே சேர்த்து வாங்கினால். மாடி வீட்டில், வேறு அறை இல்லாதவர்களுக்குச் சில்லர் இல்லாமல் முடியாது. அந்தச் செலவுக்கு மனம் ஒப்பவில்லையென்றால், அவர்கள் நன்னீர்த் தொட்டியில் செடி வளர்ப்பதே உயிர்களுக்குச் செய்யும் நன்மை. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் எந்த அமைப்பை வாங்கினாலும், பக்கத்து வீட்டில் யாரேனும் ஒருவருக்கு நிரப்புக் கேனைக் காட்டி, இந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள் என்று சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் மாதமும் ஒரு தேர்வுதான். பள்ளி விடுமுறையை எண்ணி ஏப்ரலில் தொடங்குகிறவர்கள், நுண்ணுயிர் இன்னும் பிடிக்காத தொட்டியைக் கத்திரி வெயிலில் நிறுத்துகிறார்கள். புரட்டாசியில் நீர் நிரப்பினால் ஐப்பசி இறுதிக்குள் மீன் விடலாம், கார்த்திகையில் முதல் காளான் பவளத்தை வைக்கலாம்; பங்குனி பிறக்கும்போது கல்லில் ஊதாநிறப் பாசி படரத் தொடங்கியிருக்கும், விசிறியின் கட்டுப்படுத்தியை 27க்கு அமைத்துச் சோதித்துப் பார்க்க இன்னும் சில வாரங்கள் மிச்சமிருக்கும்.